ஆளை மாற்றும் வேளை



வரலாறு என்றவுடன் அரசரும் அமைச்சரும் படைத்தலைவருமே நம் மனக்கண்முன் வந்து நிற்கின்றனர். விளையாட்டு மைதானத்தில் நடப்பதையும் வரலாறு என்று கொள்ளலாமா எனச் சிலர் ஐயுறக்கூடும். கொள்ளலாம் என்பதே என் விடை. ஒரு செயலை யார் செய்தார், எப்போது செய்தார், எதை அறிந்து செய்தார், வேறு என்ன செய்திருக்கக்கூடும் என்று வினவுவது வரலாற்றாசிரியனின் தொழில். அந்த வினாக்களை எழுப்புவதற்கு ஆட்டக்களத்தைப் போன்ற நல்ல பள்ளிக்கூடம் வேறொன்றில்லை. ஏனெனில் போர்க்களத்தில் நடந்ததை அறியக் கல்வெட்டையும் பழஞ்சுவடியையும் தேடி அலைய வேண்டும். ஆட்டக்களத்திலோ ஒவ்வொரு பந்தும் ஏட்டில் பதிவாகிவிடுகிறது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுதான். ஆட்டம் முடியும் தறுவாயில், களைத்துப்போன ஓர் ஆட்டக்காரரை நீக்கிப் புதியவரை அழைப்பதா, அல்லது நின்றவரையே நிற்கவைப்பதா என்று ஒரு தலைவர் முடிவு செய்கிறார். அந்த முடிவைப் பின்னால் வருகிற நாம் எப்படி மதிப்பிடுவது? இதை விளக்க, நம் சென்னைச் சேப்பாக்கம் மைதானத்தில் நிகழ்ந்த ஒரு பந்தயத்தையே எடுத்துக்கொள்கிறேன். அது 1986-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 18 முதல் 22 வரை இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட் பந்தயம்.

அப்போது நான் வேங்கிக்காலில் இருந்தேன். பள்ளிப் படிப்பின் இறுதியாண்டுகளில் இருந்த மாணவன். திருவண்ணாமலையிலிருந்து வேலூர் செல்லும் சாலையில் உள்ள எங்கள் ஊரில் இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது. அன்றோ திருவண்ணாமலை மாவட்டம் என்ற ஒன்றே இல்லை. வடஆற்காடு பிரிந்து அது தனி மாவட்டமானது 1989-இல். எங்களுக்கு ஆடுகளம் வேங்கிக்கால் ஏரியின் வறண்ட உள்வாய். எதிரே எந்நேரமும் அண்ணாமலை. மழைக்காலம் தொடங்கி ஏரியில் நீர் ஏறும்வரை அந்த மண் எங்களுடையது. பந்தயச் செய்தி எங்களுக்கு வந்து சேர்ந்தது தேநீர்க் கடை வானொலிப்பெட்டி வழியே.

முதலில் அந்தப் பந்தயத்தின் போக்கைச் சுருக்கமாகக் கூறுகிறேன். ஆஸ்திரேலியா முதல் இன்னிங்ஸில் 7 விக்கெட்டுக்கு 574 ஓட்டங்கள் எடுத்து ஆட்டத்தை முடித்துக்கொண்டது. டீன் ஜோன்ஸ் 210, டேவிட் பூன் 122, தலைவர் ஆலன் பார்டர் 106. மறுமொழியாக இந்தியா 397 எடுத்தது; அதில் தலைவர் கபில்தேவ் மட்டும் 119. ஆஸ்திரேலியா இரண்டாம் இன்னிங்ஸில் 5 விக்கெட்டுக்கு 170 எடுத்திருந்த நிலையில், கடைசி நாள் காலையில் பார்டர் மேற்கொண்டு ஆடாமல் இந்தியாவை ஆட அழைத்தார். இந்தியாவுக்கு வேண்டியிருந்த ஓட்டங்கள் 348. இருந்த ஓவர்கள் ஏறத்தாழ 87. முடிவில் இந்தியா 347 எடுத்து, கடைசி ஓவரில் ஒரு பந்து எஞ்சியிருக்கக் கடைசி விக்கெட்டை இழந்தது. இரு சாராரும் சரிசமம்.

டெஸ்ட் பந்தயங்கள் 1877-ஆம் ஆண்டு முதல் நடந்துவருகின்றன. இதுவரை 2500-க்கும் மேற்பட்டவை நடந்திருக்கின்றன. அவற்றுள் இவ்வாறு சமமாக முடிந்தவை இரண்டே. முன்னது 1960 டிசம்பரில் பிரிஸ்பேன் நகரில் ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் ஆடியது. பின்னது நம் சென்னையில் நடந்தது. பிரிஸ்பேனில் ஆட்டக்காரராக இருந்த பாப் சிம்ப்சன், சென்னையில் ஆஸ்திரேலிய அணியின் பயிற்சியாளராக அமர்ந்து இரண்டாவதையும் கண்டார் என்பது ஒரு சுவையான செய்தி.

இந்தப் பந்தயத்தில் ஆளை மாற்றுவதா, நிறுத்துவதா என்ற கேள்வி இரண்டு முறை எழுந்தது. இரண்டு முறையும் கேள்வியைச் சந்தித்தவர் ஆலன் பார்டர். இரண்டு முறையும் அவர் கூறிய விடை, "நிறுத்துவதே" என்பது.

முதலாவது, டீன் ஜோன்ஸ் பற்றியது. அவருக்கு அப்போது வயது 25. அதுவே அவருக்கு மூன்றாவது டெஸ்ட் பந்தயம். சென்னையின் வெம்மையையும் கடற்காற்றின் ஈரத்தையும் அறியாத உடம்பு. எட்டு மணி நேரத்துக்கும் மேலாக அவர் மட்டையோடு நின்றார். இடையில் உடலிலுள்ள நீரெல்லாம் வற்றி, வாந்தியெடுத்து, கால் பிடித்திழுக்கத் தள்ளாடினார். 170 ஓட்டங்களை எட்டிய வேளையில், இனித் தம்மால் ஆகாது, வெளியேறிவிடுகிறேன் என்று எதிரே நின்ற பார்டரிடம் கூறினார். ஜோன்ஸ் விக்டோரியா மாநிலத்தவர். பார்டர் ஆடிவந்ததோ குவீன்ஸ்லாந்துக்கு. அப்படியானால் நீ போ, உரம் படைத்த குவீன்ஸ்லாந்துக்காரன் ஒருவனை வரவழைத்துக்கொள்கிறேன் என்ற பொருள்படப் பார்டர் விடையிறுத்தார். அடுத்து ஆட வரக் காத்திருந்த கிரெக் ரிட்சி அந்த மாநிலத்தவர். அந்தச் சொல் தைத்தது. ஜோன்ஸ் வெளியேறவில்லை. மேலும் 40 ஓட்டங்கள் எடுத்தார். ஆட்டமிழந்து திரும்பிய பின் அவரை மருத்துவமனைக்குக் கொண்டுசென்று, நரம்பின் வழியே உப்புநீர் ஏற்ற வேண்டியதாயிற்று.

இங்கே கிரிக்கெட் சட்டத்தைப் பற்றி ஒரு சொல். அன்றைய சட்டப்படி, காயமுற்றவருக்குப் பதிலாக வருபவர் களத்தில் நின்று பந்தைத் தடுக்கலாம், பிடிக்கலாம். மட்டை பிடிக்கவோ பந்து வீசவோ கூடாது. ஆகவே ஜோன்ஸ் வெளியேறியிருந்தால் அவர் இடத்தில் புதிய ஆள் ஆடியிருக்க முடியாது. அணியில் அடுத்தவர் முன்னதாக வந்திருப்பார், அவ்வளவே. நோயால் விலகியவர் பின்னர் மீண்டும் வந்து தொடரவும் சட்டத்தில் இடமுண்டு. அதாவது, பார்டர் கையில் வேறு வழி இல்லாமல் இல்லை. இதை நினைவிற் கொள்ளுங்கள். பின்னால் இதற்கு மீண்டும் வருவேன்.

இரண்டாவது கேள்வி, கடைசி நாளில் எழுந்தது. பந்து வீச்சாளர்களை மாற்றுவது பற்றியது அது. கிரெக் மாத்யூஸ் என்ற சுழற்பந்து வீச்சாளர், அந்தக் கொடிய வெயிலிலும் கம்பளிச் சட்டையைக் கழற்றாமல், அன்று 39.5 ஓவர்கள் வீசினார். அவருக்கு இணையாக ரே பிரைட் 25 ஓவர்கள் வீசினார். அன்று வீசப்பட்ட மொத்த ஓவர்கள் 86.5, அவற்றுள் 64.5 இந்த இருவருடையவை. நான்கில் மூன்று பங்கு என்று கூறலாம். வேகப்பந்து வீச்சாளர்களான மெக்டெர்மாட் 5, புரூஸ் ரீட் 10, அக்காலத்தில் இளைஞராயிருந்த ஸ்டீவ் வா 4, தலைவர் பார்டர் தாமே 3 என்று எஞ்சியதைப் பகிர்ந்துகொண்டனர்.

இந்தியாவின் ஆட்டமோ நெடுநேரம் வெற்றியை நோக்கியே சென்றது. காவஸ்கர் 90 ஓட்டங்கள் எடுத்தார். 204 ஓட்டங்கள்வரை இந்தியா இழந்தவை இரண்டே விக்கெட்டுகள். அந்த நேரத்தில் சுழற்பந்து வீச்சாளர் இருவரும் ஓட்டங்களை வாரி வழங்கிக்கொண்டிருந்தனர். மாத்யூஸ் அன்று கொடுத்தவை 146 ஓட்டங்கள். தேநீர்க் கடையில் கூடியிருந்த நாங்கள் எல்லாரும், பார்டருக்கு அறிவு மங்கிவிட்டது, வேகப்பந்து வீச்சாளரை அழைக்காமல் அடிபட்டவனையே அடிபட விடுகிறாரே என்று எள்ளினோம். கடைக்காரர் மட்டும், வீசுகிறவனுக்குத் தெரியாதா, வீசச் சொல்கிறவனுக்குத் தெரியாதா, உங்களுக்குத்தான் தெரியுமா என்று கேட்டார். அவருக்கு யாரும் செவிசாய்க்கவில்லை.

பிறகு நடந்ததைப் பாருங்கள். காவஸ்கர் பிரைட்டின் பந்தில் பிடி கொடுத்தார். பிடித்தவர் யார் தெரியுமா? மூன்று நாட்களுக்கு முன்னர் மருத்துவமனைக்குச் சென்றுவந்த அதே டீன் ஜோன்ஸ். அசாருதீன், சேதன் சர்மா, கிரண் மோரே, சிவலால் யாதவ் ஆகியோரும் பிரைட்டுக்கே விக்கெட்டை அளித்தனர். ஸ்ரீகாந்த், அமர்நாத், கபில்தேவ், பண்டித் ஆகியோரும் கடைசியாக மணிந்தர் சிங்கும் மாத்யூஸின் பந்தில் வீழ்ந்தனர். பத்து விக்கெட்டுகளையும் அந்த இருவரே ஆளுக்கு ஐந்தாகப் பங்கிட்டுக்கொண்டனர். முதல் இன்னிங்ஸிலும் மாத்யூஸ் ஐந்து விக்கெட்டுகள் வீழ்த்தியிருந்தார். அடிபட்டவரையே நிறுத்திவைத்த தலைவர், மாலையில் மதியூகியாகத் தோன்றினார்.

கடைசி ஓவரில் இன்னொரு முடிவும் எடுக்கப்பட்டது. அதை எடுத்தவர் இந்தியர். ஓவர் தொடங்கியபோது இந்தியாவுக்கு வேண்டியவை நான்கு ஓட்டங்கள். கையில் இருந்தது ஒரே விக்கெட். நன்கு நிலைத்து ஆடிக்கொண்டிருந்த ரவி சாஸ்திரி மாத்யூஸை எதிர்கொண்டார். இரண்டாவது பந்தில் இரண்டு ஓட்டங்கள். மூன்றாவது பந்தில் ஓர் ஓட்டம். அதோடு எண்ணிக்கை சமமாயிற்று. ஆனால் அந்த ஓர் ஓட்டத்தை ஓடியதால் சாஸ்திரி எதிர்முனைக்குச் சென்றார். எஞ்சிய மூன்று பந்துகளைச் சந்திக்கும் பொறுப்பு மட்டையாட்டத்தில் வல்லவரல்லாத மணிந்தருக்கு வந்தது. நான்காவது பந்தை அவர் தடுத்தார். ஐந்தாவது காலில் பட்டது. நடுவர் விக்ரம்ராஜு விரலை உயர்த்தினார். பந்து மட்டையில் பட்டதென்று மணிந்தர் பல்லாண்டுகளாகக் கூறிவருகிறார். சாஸ்திரி 48 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காமல் எதிர்முனையில் நின்றார்.

அந்த ஓர் ஓட்டத்தைச் சாஸ்திரி எடுத்திருக்கலாமா? எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் இந்த வாதம் தீபாவளிவரை நடந்தது. எடுக்காமல் நின்று, அடுத்த பந்துகளில் தாமே இரண்டு ஓட்டங்களைத் தேடியிருக்க வேண்டும் என்றனர் ஒரு சாரார். எடுத்ததே சரி, அந்த ஓர் ஓட்டத்தால் இந்தியாவின் தோல்வி என்ற கதவு மூடிவிட்டது, இனி வெற்றி அல்லது சமம் என்ற இரண்டே வழிகள் என்றனர் மறு சாரார். நான் முதற்கட்சி. இன்று மறுகட்சிக்கு மாறிவிட்டேன். தோல்வியைத் தவிர்த்து, அதன்பின் மூன்று பந்துகளில் ஓர் ஓட்டம் என்ற நிலையை உண்டாக்கியதில் பிழை காண இயலவில்லை.

இங்கே ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மணிந்தர் கடைசிப் பந்தில் ஆட்டமிழந்தார் என்றே நான் பல ஆண்டுகள் பலரிடமும் கூறிவந்தேன். வானொலியில் என் காதாலேயே கேட்டவன் ஆயிற்றே என்ற துணிவு. பின்னொரு நாள் ஆட்டக்குறிப்பைப் பார்க்கையில் 86.5 என்ற எண் கண்ணில் பட்டது. ஓவருக்கு ஆறு பந்து; ஐந்துதான் வீசப்பட்டிருக்கின்றன; ஒரு பந்து எஞ்சியிருந்தது! நேரில் கேட்டவனின் நினைவைக் காட்டிலும், உணர்ச்சியின்றி எழுதப்பட்ட ஓர் எண் மெய்யாயிற்று. வரலாறு படிக்கும் மாணவர்கள் இதை மனத்திற் கொள்ள வேண்டும்.

இனி, நம் வினா பிறநாடுகளில் எப்படி எழுந்தது என்று பார்ப்போம். அமெரிக்க மக்களின் பெருவிருப்பத்துக்குரிய ஆட்டம் பேஸ்பால். அதில் பந்தெறிபவரே அணியின் உயிர்நாடி. களத்துக்கு வெளியே அமர்ந்திருக்கும் மானேஜர் அவரை நீக்கி வேறொருவரை அனுப்பலாம்; ஆனால் நீக்கப்பட்டவர் அந்த ஆட்டத்தில் மீண்டும் வர முடியாது. எனவே கிரிக்கெட் தலைவருக்கு உள்ள சலுகை, அதாவது ஒருவரைச் சற்றே ஓய்வுகொள்ளச் செய்து மறுபடி அழைக்கும் சலுகை, பேஸ்பால் மானேஜருக்கு இல்லை. அவருடைய முடிவு வில்லினின்று விடுபட்ட அம்பு.

2003-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் நியூயார்க்கில் ஒரு தீர்வு ஆட்டம் நடந்தது. பாஸ்டன் அணி எட்டாவது சுற்றில் 5-க்கு 2 என்று முன்னணியில் இருந்தது. அதன் பந்தெறிபவர் பெட்ரோ மார்ட்டினெஸ், தலைமுறைக்கு ஒருவர் எனப் போற்றப்படுபவர். அதற்குள் நூறு பந்துகளுக்கு மேல் எறிந்து களைத்திருந்தார். மானேஜர் கிரேடி லிட்டில் அவரிடம் நடந்து சென்று, தெம்பு இருக்கிறதா என்று வினவினார். இருக்கிறது என்றார் மார்ட்டினெஸ். மானேஜர் அவரையே விட்டுவிட்டுத் திரும்பினார். நியூயார்க் அணி அந்தச் சுற்றிலேயே ஆட்டத்தைச் சமமாக்கியது. பதினொன்றாவது சுற்றில் வென்றது. லிட்டிலின் பதவி அந்த ஆண்டோடு முடிந்தது.

2020-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் நாள் இதற்கு நேர்மாறானது நிகழ்ந்தது. இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம். டாம்பா பே அணி 1-க்கு 0 என்று முன்னணியில் இருந்தது. அதன் பந்தெறிபவர் பிளேக் ஸ்னெல் 73 பந்துகளே எறிந்திருந்தார்; எதிரணியில் ஒன்பது பேரை வெறுங்கையோடு திருப்பியனுப்பியிருந்தார். ஆயினும் ஆறாவது சுற்றில் மானேஜர் கெவின் கேஷ் அவரை நீக்கினார். ஒருவரை எதிராளிகள் மூன்றாம் முறை சந்திக்கும்போது அவர் வித்தையைப் புரிந்துகொள்வர் என்பது கணக்கு கூறும் உண்மை. அந்தக் கணக்கின்படி நடந்தார். புதியவர் வந்தவுடன் ஆட்டம் கைமாறியது. லாஸ் ஏஞ்சலிஸ் அணி 3-க்கு 1 என்று வென்று கோப்பையையும் கொண்டுசென்றது.

பார்த்தீர்களா? ஒருவர் மாற்றவில்லை என்பதற்காகத் தூற்றப்பட்டார். மற்றவர் மாற்றினார் என்பதற்காகத் தூற்றப்பட்டார். இருவருக்கும் பொதுவாக இருந்தது தோல்வி ஒன்றே. உலகம் முடிவை ஆராய்வதில்லை. விளைவைப் பார்த்துவிட்டு, அதற்கேற்ற காரணத்தை முடிவின் தலையில் ஏற்றுகிறது.

வென்றவர்களுக்கும் இதே கதைதான். 2007 செப்டம்பர் 24-இல் ஜோகன்னஸ்பர்க் நகரில் நடந்த இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில், பாகிஸ்தானுக்குக் கடைசி ஓவரில் 13 ஓட்டங்கள் தேவைப்பட்டன. அனுபவம் மிக்க ஹர்பஜன் சிங்கை விடுத்துத் தோனி, அதிகம் அறியப்படாத ஜோகிந்தர் சர்மாவிடம் பந்தைக் கொடுத்தார். முன்னதாக மிஸ்பா உல் ஹக் ஹர்பஜனின் ஒரே ஓவரில் மூன்று சிக்சர்கள் அடித்திருந்தார் என்பது அதற்குக் காரணம். ஜோகிந்தரின் முதற் பந்தே எல்லை தாண்டி அகலச் சென்றது. சற்று நேரத்தில் ஒரு சிக்சரும் போயிற்று. அப்போது ஆட்டத்தை நிறுத்தித் தீர்ப்புக் கேட்டிருந்தால் தோனி குற்றவாளி. அடுத்த பந்தில் மிஸ்பா பிடி கொடுத்தார். இந்தியா 5 ஓட்டங்களில் வென்றது. தோனி தீர்க்கதரிசி ஆனார். இடையில் கழிந்தது ஒரு பந்து.

இந்த அளவுகோலைச் சென்னைக்குக் கொண்டுவாருங்கள். சாஸ்திரியின் மட்டையிலிருந்து இன்னும் ஓர் ஓட்டம் வந்திருந்தால், 348 என்ற இலக்கை வைத்து ஆட்டத்தை விட்டுக்கொடுத்த பார்டர் பதற்றக்காரர் என்று ஏடுகள் எழுதியிருக்கும். மணிந்தர் ஓர் ஓவருக்கு முன் வீழ்ந்திருந்தால் பெருவீரர் என்று எழுதியிருக்கும். அன்று காலையில் அவர் அறிந்திருந்தவை இரு நிலையிலும் ஒன்றே: ஆடுகளத்தில் பந்து சுழல்கிறது, ஒரு நாளில் 348 என்பது எளிதல்ல, எதிராளிக்கு ஆசை காட்டினால்தான் விக்கெட் விழும். அறிந்ததை வைத்துப் பார்த்தால் அது நல்ல முடிவு. வந்த விளைவு அதை நல்லதாக்கவும் இல்லை, தீயதாக்கவும் இல்லை. பந்து சுழலும் தரையில் சுழற்பந்து வீச்சாளரையே நிறுத்தியதும் அவ்வாறே.

வள்ளுவர் வினை செய்வதைப் பற்றிக் கூறப் புகுந்து, வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்துவினையாடல் என்று அதிகாரங்களை அடுக்கியிருக்கிறார். எல்லாவற்றிலும் அறிதலும் தெரிதலுமே நிற்கின்றன. வினைக்கு முன் நாம் என்ன அறிந்தோம் என்பதே நம் பொறுப்பு.

இவ்வளவோடு என் பேச்சை முடித்துவிடலாம். ஆனால் முடித்தால் அது பாதி உண்மையாகவே இருக்கும். ஏனெனில் ஜோன்ஸின் நிகழ்ச்சி இந்த அளவுகோலுக்குள் அடங்கவில்லை. அதை எனக்குக் கற்பித்தது புத்தகமன்று.

சேப்பாக்கம் பந்தயம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஏரி உள்வாயில் பக்கத்து ஊர்ச் சிறுவர்களோடு எங்களுக்கு ஆட்டம். நான் தலைவன். எங்கள் அணியில் வேகமாகப் பந்து வீசும் பையன் ஒருவன் இருந்தான். என்னைவிட இரண்டு வயது இளையவன். உச்சி வெயிலில் அவனை நான் நிறுத்தாமல் வீசச் செய்தேன். ஒரு கட்டத்தில், அண்ணா, கண் இருட்டுகிறது என்றான். செய்தித்தாளில் பார்டரைப் பற்றிப் படித்த பெருமிதம் எனக்கு. உன்னால் முடியாவிட்டால் சொல், ஆம்பிளை ஒருவனைக் கூப்பிடுகிறேன் என்றேன். அவன் பேசாமல் பந்தை வாங்கிக்கொண்டான். அந்த ஓவரில் ஒரு விக்கெட்டும் எடுத்தான். அடுத்த ஓவரில் ஓடிவரும்போதே குப்புற விழுந்தான்; விழுந்தவன் எழவில்லை.

மாட்டு வண்டி ஒன்றில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுசென்றோம். மாலைவரை அவனுக்கு நினைவு தெளியவில்லை. அவன் பிழைத்தான், நல்லபடியாகவே வாழ்கிறான். அந்த நான்கைந்து மணி நேரம் நான் மருத்துவமனை வாயிலில் நின்றிருந்ததைத் தவிர வேறெதுவும் என் நினைவில் இல்லை. ஆட்டத்தில் யார் வென்றார் என்று கேட்டால் இன்றும் எனக்குத் தெரியாது.

அவன் தந்தையார் மல்லாட்டை மண்டியில் மூட்டை தூக்குபவர். அழுதுகொண்டிருந்த என்னை அவர் அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அடிக்கவில்லை. அருகில் அமர்ந்து மெல்லச் சொன்னார்: "தம்பி, மூட்டை தூக்கறவன் தானா எறக்கி வெக்க மாட்டான். அவனுக்கு மானம். மேஸ்திரிதான் மூஞ்சியப் பாத்து எறக்கச் சொல்லணும்."

நண்பர்களே, தலைமையைப் பற்றி நான் பின்னாளில் படித்த எந்த நூலும் இந்த மூன்று வாக்கியங்களுக்கு மேல் எனக்குக் கற்பிக்கவில்லை. மார்ட்டினெஸிடம் தெம்பு இருக்கிறதா என்று கேட்டால் அவர் வேறு என்ன சொல்வார்? மானமுள்ள எவனும் இல்லை என்று சொல்லமாட்டான். லிட்டிலின் பிழை, அவரை நிறுத்தியதன்று. தாம் பார்த்து அறிய வேண்டியதைச் சுமக்கிறவனிடம் கேட்டு அறிய முயன்றதே. ஜோன்ஸோ இன்னும் ஒரு படி மேலே சென்று, தம்மால் ஆகாது என்று வாய்விட்டே கூறினார். கூறியவரை ஒரு சொல்லால் மீண்டும் நிற்கவைத்தார் பார்டர். அதில் 40 ஓட்டங்கள் கிடைத்தன. ஆட்டம் சமமாக முடிந்ததை நினைத்தால், அந்த 40 இல்லாமல் ஆஸ்திரேலியா தோற்றிருக்கக்கூடும் என்று வாதிக்கலாம். ஆயினும் பணயமாக வைக்கப்பட்டது ஓட்டமன்று, ஓர் இளைஞனின் உயிர். விக்கெட்டையும் ஓட்டத்தையும் எடை போடும் தராசில் அதை வைக்க முடியாது. பார்டர் கொடியவர் அல்லர். பணயத்தின் அளவை அன்று அவர் அறியவில்லை என்றே கருதுகிறேன். ஜோன்ஸும் அந்த இன்னிங்ஸைத் தம் வாழ்நாளின் பெருமையாகவே பேசிவந்தார். அவர் 2020 செப்டம்பர் 24-இல், மும்பையில் இருந்தபோது, மாரடைப்பால் தமது 59-ஆம் வயதில் காலமானார். அந்தப் பெருமையை அவரிடமிருந்து யாரும் எடுத்துவிட முடியாது. ஆனால் அவர் பெருமையைக் கொண்டு அந்தச் சொல்லை நியாயமாக்கவும் கூடாது.

விளையாட்டுச் சட்டங்களும் மெல்ல இத்திசையில் நடந்திருக்கின்றன. உலகக் கோப்பைக் கால்பந்தில் மாற்று ஆட்டக்காரரை முதன்முதலாக அனுமதித்தது 1970-இல்தான். தலையில் அடிபட்டவருக்குப் பதிலாக முழு உரிமையோடு வேறொருவர் ஆடலாம் என்று பன்னாட்டுக் கிரிக்கெட்டில் விதி வந்தது 2019-இல். அடிபட்டவன் தானாகச் சொல்லும்வரை காத்திராமல், மருத்துவர் பார்த்து முடிவு செய்யும் விதி அது. மேஸ்திரி முகத்தைப் பார்க்க வேண்டும் என்ற அந்த மண்டித் தொழிலாளியின் சொல்லே சட்டமாயிற்று என்று எனக்குத் தோன்றியது. 2023-இல் ஐ.பி.எல். பந்தயங்களில், தந்திரத்துக்காகவே ஓர் ஆளை மாற்றிக்கொள்ளும் விதியும் வந்தது. மார்ச் 31-ஆம் நாள் அதை முதலில் பயன்படுத்தியது சென்னை அணி. அம்பட்டி ராயுடுவுக்குப் பதிலாகத் துஷார் தேஷ்பாண்டே வந்தார். அந்த ஆட்டத்தில் சென்னை தோற்றது. அந்த ஆண்டின் கோப்பையைச் சென்னையே வென்றது. விளைவைக் கொண்டு முடிவை அளப்பவர்கள் இந்த இரண்டில் எதைக் கொண்டு அளப்பார்களோ அறியேன்.

உங்களுள் பலர் நாளை ஏதோ ஓர் அணிக்கு, அலுவலகத்துக்கு, ஊருக்குத் தலைமை தாங்கப்போகிறவர்கள். வரலாற்றில் வரும் தலைவர்களை மதிப்பிடும்போது, அவர் வென்றாரா என்று மட்டும் கேளாதீர்கள். அந்த வேளையில் எதை அறிந்திருந்தார், வேறு எந்த வழி அவருக்குத் திறந்திருந்தது என்று கேளுங்கள். அதன்பின், சுமையைச் சுமந்தவன் யார், அவன் முகத்தை அவர் பார்த்தாரா என்றும் கேளுங்கள்.

வேங்கிக்கால் ஏரியைக் கடந்து செல்லும்போதெல்லாம், அந்தப் பையன் பேசாமல் பந்தை வாங்கிக்கொண்ட கை என் கண்முன் வரும். அன்று நான் அவன் கையைத்தான் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை.